போட்டிக்கு முந்தைய ஆறு வாரங்கள்: எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்கும், விளையாட்டுக் குழுவில் உள்ள பேராசிரியர்களுக்கும், அணியில் ஆடும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

தர்மபுரியில் உள்ள இந்தக் கல்லூரியில் படித்து, அதன் கால்பந்து அணியில் பின்வரிசையில் ஆடி, இப்போது இதே மாவட்டத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியனாகப் பணிபுரியும் முன்னாள் மாணவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். வரும் கல்வியாண்டில் அணி எப்போது பயிற்சியைத் தொடங்கும், யாரோடு எப்போது ஆடும் என்பதைக் குறிக்கும் உத்தேச நிரல் ஒன்று உடற்கல்வித் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. கல்லூரி நாள்காட்டி இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று அறிகிறேன். அச்சாகிவிட்ட பிறகு ஒரு தேதியை நகர்த்துவதற்கு எத்தனை கையெழுத்து வேண்டியிருக்கும் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள் என்பதால், இப்போதே எழுதுவது நல்லது என்று எண்ணினேன்.

அந்த நிரலில் உழைப்பு தெரிகிறது. முந்தைய ஆண்டுகளில் இப்படி எழுத்தில் எதுவும் இருந்ததில்லை. எல்லாம் வாய்ச்சொல்லாகவே நடந்து வந்தது. ஆனால் அதன் வரிசை தலைகீழாக அமைந்துவிட்டது என்பது என் கருத்து. ஜூனிலும் ஜூலையின் முதல் மூன்று வாரங்களிலும் எதுவும் இல்லை. ஜூலைக் கடைசியில் ஒரே நாளில் வீரர் தேர்வு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரிலிருந்து வரும் அணியோடு ஒரு காட்சி ஆட்டம். அதற்கடுத்த சனியும் ஞாயிறும் ஓசூர்ப் பக்கம் பரிசுத்தொகை செவன்ஸ் போட்டி, அதாவது அணிக்கு ஏழு பேராக ஆடுவது. அதன் பிறகு பத்து நாட்களுக்குள் மூன்று நட்பு ஆட்டங்கள். கடைசி வரியில், பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டியைப் பற்றி, 'மண்டலப் போட்டி, தேதி பின்னர்' என்று எழுதியிருக்கிறது. உடலைத் தயார்ப்படுத்துவதற்கென்று அந்தத் தாளில் ஒரு வாரம்கூட ஒதுக்கப்படவில்லை. (ஆகஸ்ட் முதல் வாரம் என்றால் ஆடிப்பெருக்கு வருகிறது. ஒகேனக்கல்லுக்கு ஊரே திரண்டு போகும் அந்த நாட்களில், பென்னாகரம் பக்கத்துப் பையன்களைக் காட்சி ஆட்டத்துக்கு வரச்சொல்லி யாராலும் அழைத்துவிட முடியாது.)

சென்ற ஆண்டும் நிரல் எழுதப்படவில்லையே தவிர, நடந்தது இதுதான். மண்டலப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் நாம் தோற்றபோது நான் எல்லைக்கோட்டின் அருகில் நின்று பார்த்தேன். எதிரணி நம்மைவிடத் திறமையானது அல்ல. முதல் பாதியில் பந்து பெரும்பாலும் நம் கால்களில்தான் இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் வலது விங்கில் ஆடிய தம்பி தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனை வெளியே கொண்டுவந்து அமர்த்துவதற்குள் நடுக்களத்தில் இன்னொருவன் நொண்டத் தொடங்கினான். அதன் பின் விழுந்த இரண்டு கோல்களும், ஓடித் திரும்ப வேண்டிய நம் தடுப்பாட்டக்காரர்கள் நடந்து திரும்பியதால் உண்டான இடைவெளியில் விழுந்தவை. அன்று மாலை நடுவரையும் அதிர்ஷ்டத்தையும் குறை சொல்லாதவர் இல்லை. அந்த இரு தம்பிகளும் அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு நாட்களில் எத்தனை ஆட்டம் ஆடியிருந்தார்கள் என்று மட்டும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்தடுத்து ஆட்டங்கள் ஆடினால் அதுவே பயிற்சியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு என்பதற்கு ஒரு சான்றைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஐரோப்பாவின் முதல்தர அணி ஒன்றின் வீரர்களை இரண்டு பருவங்கள் தொடர்ந்து கவனித்து, 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடியபோது ஆயிரம் மணி நேரத்துக்கு ஏறத்தாழ 4 காயங்களும், வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடியபோது 25க்கும் மேற்பட்ட காயங்களும் ஏற்பட்டதாகக் கண்டது. அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடியபோதும் அவ்வீரர்கள் களத்தில் ஓடிய மொத்தத் தூரம் குறையவில்லை. அதாவது, களைப்பு வெளியே தெரியவில்லை. காயம் மட்டும் ஆறு மடங்காயிற்று. 'பையன்கள் நன்றாகத்தானே ஓடுகிறார்கள்' என்று எல்லைக்கோட்டில் நின்று சொல்கிற நம் எல்லோருக்கும் இது பொருந்தும். மருத்துவரும், தசை நீவுவோரும், உணவுக்கென்று தனி ஆளும் உடன் இருக்கும் அணிக்கே அந்த நிலை என்றால், ஆட்டம் முடிந்து அரூருக்கு நின்றுகொண்டே பேருந்தில் போகிற நம் தம்பியின் நிலையைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம். முழு ஆட்டம் ஒன்றுக்குப் பிறகு தசைகள் இழந்ததை மீட்டுக்கொள்ள 48 முதல் 72 மணி நேரம் தேவைப்படுகிறது. பத்து நாட்களில் மூன்று நட்பு ஆட்டங்கள் என்பது தாளில் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு முந்தைய வார இறுதியில் செவன்ஸில் ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டங்கள் ஆடிவிட்டு வருபவனுக்கு அது நியாயமில்லை.

ஆகவே நான் கேட்பது, நிரலைப் பின்னாலிருந்து எண்ணி எழுத வேண்டும் என்பதுதான். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகளும் வருவதால், போட்டித் தேதியை நாம் முடிவு செய்ய முடியாது; அது சுற்றறிக்கையாக வந்து சேரும்போது நம் கையில் இரண்டு வாரம் இருந்தாலே பெரிது. தேதி தெரியாதபோது, மிக முன்னதாக வரக்கூடிய தேதி எதுவோ அதை வைத்துக்கொண்டு தயாராவதே பாதுகாப்பானது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் என்று கொள்வோம். அங்கிருந்து பின்னோக்கி ஆறு வாரம் எண்ணினால் ஜூலை இரண்டாம் வாரத் தொடக்கத்தில் வந்து நிற்கிறோம். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஜூனிலேயே வந்துவிடுகிறார்கள் என்பதால், அவர்களுக்கு அதற்கும் முன்னதாகவே மெதுவோட்டமும் உடற்பயிற்சியும் தொடங்கிவிடலாம்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருப்பதை நான் மறக்கவில்லை. நம் கல்லூரியில் வகுப்புகள் இரண்டு சுழற்சிகளாக நடக்கின்றன. முதல் சுழற்சி மாணவர் மதியத்துக்கு மேல் ஓய்வாக இருக்கும்போது இரண்டாம் சுழற்சி மாணவர் வகுப்பில் இருக்கிறார். அவர் ஓய்வாக இருக்கும் காலையில் இவர் வகுப்பில் இருக்கிறார். பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவர்களை விடியற்காலை ஆறு மணிக்கும் அழைக்க முடியாது, மாலை ஆறரைக்கு மேலும் நிறுத்த முடியாது. முழு அணியும் ஒன்றாகக் கூடுவதற்கு வாரத்தில் சனிக்கிழமையைத் தவிர வேறு நாளே இல்லை என்று இயக்குநர் ஐயா ஒருமுறை வருத்தத்தோடு சொன்னது உண்மைதான். ஆனால் அதே காரணம்தான் முன்கூட்டித் தொடங்குவதற்குச் சாதகமாகவும் இருக்கிறது. உடல் வலுவையும் ஓட்டத்தையும் வளர்ப்பதற்கு முழு அணியும் ஒரே நேரத்தில் களத்தில் இருக்க வேண்டியதில்லை. முதல் மூன்று வாரங்களுக்கு இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒன்றைக் காலையிலும் மற்றொன்றைப் பிற்பகலிலும் பயிற்றுவிக்கலாம். பந்தோடு, பதினொருவராக நின்று பழக வேண்டிய அடுத்த மூன்று வாரங்களுக்கு மட்டும், வாரத்தில் இரண்டு நாட்களுக்கு இரண்டாம் சுழற்சி மாணவர்களின் கடைசி மணி நேரத்துக்கு ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வருகையாகக் கொள்ளும் அனுமதி) வழங்கினால் போதும். நான் முதல்வர் ஐயாவிடம் கேட்கும் சலுகைகளில் இதுவே பெரியது. அதிலும், அகமதிப்பீட்டுத் தேர்வு நடக்கும் வாரத்தில் எந்த ஆட்டமும் வைக்க மாட்டோம் என்று துறை எழுத்தில் உறுதி தர வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

அந்த முதல் மூன்று வாரங்களில் செய்ய வேண்டியவை செலவில்லாதவை. ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற முன்பயிற்சி முறையில் பதினைந்து உடற்பயிற்சிகள் உள்ளன. பழகிவிட்டால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பந்தும் சில கூம்புகளும் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. நார்வேயில் இளம்பெண் வீராங்கனைகள் ஏறத்தாழ 1,900 பேரிடம் அதைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், காயங்களில் மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்களில் ஏறத்தாழப் பாதியும் குறைந்தது தெரியவந்தது. அதில் ஒரு பயிற்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் முழங்காலிட்டு நிற்க, மற்றவர் அவருடைய கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, முன்னவர் இடுப்பை மடக்காமல் உடலை மிக மெதுவாக முன்னோக்கிச் சாய்த்துத் தரையில் விழுவது அது. தொடையின் பின்தசைக் காயங்களை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2019இல் காட்டியது. சென்ற ஆண்டு நம் இரு வீரர்களை வெளியேற்றியது அதே காயம்தான். இதைப் போட்டிக்கு முந்தைய வாரத்தில் தொடங்கினால் தசை வலி மட்டுமே மிஞ்சும். குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி வாரந்தோறும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆறு வாரம் என்று நான் வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். ஜூலையில் தர்மபுரியில் தென்மேற்குக் காற்று வீசுகிறது. மாலை நேரத்தில் ஓடுவது சுகமாகவே இருக்கும். ஆனால் மண்டலப் போட்டியில் நம் ஆட்டம் சேலத்தில் பகல் பதினொரு மணிக்கோ இரண்டு மணிக்கோ வந்து விழக்கூடும். வெப்பத்தில் உழைப்பதற்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகின்றன. எனவே கடைசி இரண்டு வாரங்களில் சில பயிற்சிகளையாவது, அளவைக் குறைத்துக்கொண்டு, நண்பகலை ஒட்டி வைக்க வேண்டும். களத்தில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அதுவும் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் வருவது கூடாது. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது! அந்தத் தண்ணீர் அலுவலகக் கட்டடம் வரை வருகிறது. மைதானத்தின் ஓரம் வரை ஒரு குழாய் நீட்டுவது பெரிய வேலையன்று. ஆட்ட விதிகள் நீர் இடைவேளையை அனுமதிக்கின்றன என்பதையும், அதை ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவரிடமும் போட்டி நடத்துவோரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்வது அணி மேலாளரின் கடமை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

இனி, யாரோடு ஆடுவது என்ற கேள்வி. பெங்களூரு அணியை முதல் ஆட்டத்துக்கே அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நன்கு பயின்ற அணியோடு ஆடுவது நல்லதுதான். ஆனால் நம் பதினொருவர் யார் என்பதே முடிவாகாத நிலையில், ஐந்து ஆறு கோல் வாங்கிக்கொண்டு வருவதால் முதலாண்டுப் பையன்கள் கற்றுக்கொள்வது எதுவும் இல்லை. அந்த ஆட்டத்துக்கு மேடை, சிறப்பு விருந்தினர், பொன்னாடை எல்லாம் திட்டமிடப்பட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அவ்விழாவை அணி பருவத்தை முடித்துவிட்டு வரும் பிப்ரவரிக்குத் தள்ளி வைத்தால் விழாவும் சிறக்கும், ஆட்டமும் சிறக்கும்.

மூன்றாம் வாரக் கடைசியில், மாவட்ட விளையாட்டரங்கில் பயிற்சி பெறும் உள்ளூர் அணி ஒன்றோடு பாதிக்குப் பாதி ஆட்களை மாற்றி ஆடலாம். நான்காம் வாரம் கிருஷ்ணகிரிக் கல்லூரி ஒன்றோடு அங்கே போய் ஆடலாம். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இல்லாவிட்டாலும் பேருந்தில் ஒரு மணி நேரம்தான். ஐந்தாம் வாரம் சேலத்தில், நம்மைவிட வலுவான அணியோடு, போட்டி நடக்கும் அதே நேரத்தில், முழுத் தொண்ணூறு நிமிடம். கடினமான ஆட்டம் அதுவாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு போட்டிக்கு முன் ஒரே ஆட்டம், நம் சொந்த மைதானத்தில், நமக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து. அதற்கும் மண்டலப் போட்டிக்கும் இடையில் ஐந்து நாளாவது இருக்க வேண்டும். நான்கு ஆட்டங்கள் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் என்ன பார்க்கப் போகிறோம் என்று முன்னதாகவே தெரிந்திருந்தால் போதும்.

ஓசூர் செவன்ஸ் விஷயம் சற்று வேறானது, அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கும் மனம் வரவில்லை. நம் மாவட்டங்களில் கால்பந்து உயிரோடு இருப்பதற்கு இப்படிப்பட்ட செவன்ஸ் போட்டிகள் ஒரு முக்கியமான காரணம். இன்று நம் அணிக்கு வரும் பையன்களில் பலர் ஊர் ஏரிக்கரையிலும் பள்ளி மைதானத்திலும் செவன்ஸ் ஆடித்தான் பந்தைப் பழகினார்கள். மேலும், சென்ற முறை அங்கே கிடைத்த பரிசுத்தொகையில்தான் அணிக்குப் புதிய சீருடை வாங்கப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். கல்லூரியின் விளையாட்டு நிதியில் கிடைக்காததை வெளியே ஆடிச் சம்பாதித்துக்கொள் என்று மாணவர்களிடம் சொல்லும் நிலை நமக்குப் பெருமை தருவதன்று. செவன்ஸில் மைதானம் சிறியது, பாதிகள் குட்டையானவை, பெரும்பாலான இடங்களில் ஆஃப்சைடு பார்ப்பதில்லை. அதிலேயே ஊறிய தடுப்பாட்டக்காரன் பதினொருவர் ஆட்டத்துக்கு வரும்போது பின்வரிசை முழுவதும் ஒரே கோடாகச் சேர்ந்து முன்னேறுவதை மறந்து, கோலருகே ஒட்டிக்கொண்டு நிற்கிறான். நம் பின்வரிசை சென்ற ஆண்டு அப்படித்தான் நின்றது. அதோடு பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் கால் பார்த்து மோதுவோர் குறைவு. மண்டலப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு அங்கே போவது, நம் சிறந்த ஆட்டக்காரர்களைப் பணயம் வைப்பதாகும். போட்டிப் பருவம் முடிந்து, டிசம்பருக்குப் பிறகு எத்தனை செவன்ஸ் வேண்டுமானாலும் ஆடட்டும். இந்த ஆண்டுச் சீருடைக்கும் பந்துக்கும் ஆகும் செலவை முன்னாள் ஆட்டக்காரர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். என்னோடு ஆடியவர்களிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் இதே காலத்தில்தான் வருகின்றன. 2024இலும் 2025இலும் மாவட்ட அளவிலான ஆட்டங்கள் ஆகஸ்ட் பிற்பகுதிக்கும் செப்டம்பர் இறுதிக்கும் இடையில் நடந்தன. கல்லூரி மாணவர்களுக்குத் தனிப்பிரிவு இருப்பதால் அதை விட்டுவிடவும் முடியாது. இரண்டும் நெருங்கி வந்தால் ஒரே பதினொருவரையே இரண்டுக்கும் ஓடவிடாமல், அணியைப் பெரிதாக வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றி மாற்றி இறக்க வேண்டும். ஒரே நாள் தேர்வில் அணியைச் சுருக்கிவிடுவது அதற்குத்தான் இடையூறாகிறது. அன்று காய்ச்சலாக இருந்தவனும், சேர்க்கை தாமதமாகி அடுத்த வாரம் வந்து சேர்ந்தவனும், மாம்பழக்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போயிருந்தவனும் அந்த ஆண்டு முழுவதும் வெளியே நிற்கிறார்கள். தேர்வை மூன்று வாரம் நீட்டுங்கள். பயிற்சியே தேர்வாக இருக்கட்டும்.

இதில் இவ்வளவு கவனம் எதற்கு, ஒரு கல்லூரி அணிதானே என்று சில பேராசிரியர்கள் எண்ணக்கூடும். மண்டலப் போட்டியில் கண்ணில் படுகிறவர்களிலிருந்தே பல்கலைக்கழக அணி உருவாகிறது. அந்த அணிக்குத் தேர்வானால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகளில் ஆடியதற்கான சான்று, விளையாட்டு இடஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீடு இப்போது 3 விழுக்காடு. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் ஒரு மாணவனுக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கதவு ஆகஸ்டில் ஒரு தொடைத்தசை கிழிவதால் அடைபடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மகளிர் அணியைப் பற்றி நிரலில் ஒரு வரியும் இல்லை. 'மேற்கண்டவாறே' என்றுகூட எழுதப்படவில்லை. தங்கைகள் இப்போது மைதானத்தின் ஓரத்தில், கிரிக்கெட் வலைக்குப் பின்னால், ஆண்கள் அணி கிளம்பிய பிறகு மிஞ்சும் அரை மணி நேரத்தில் பயிற்சி செய்கிறார்கள். அதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது. வாரத்தில் இரண்டு பிற்பகல்களில் முழு மைதானமும் அவர்களுக்கு மட்டும் என்று நாள்காட்டியிலேயே அச்சிட வேண்டும். முன்பயிற்சி முறையை நான் மேலே குறிப்பிட்ட ஆய்வே பெண்களிடம் நடந்தது என்பதையும், முழங்கால் தசைநார்க் காயம் பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட அதிகம் நேர்கிறது என்பதையும் கருத்தில் கொண்டால், அவர்களுக்கு அந்தப் பயிற்சி இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும்.

அணித் தம்பிகளுக்கு ஒன்று. நிரல் எப்படி அமைந்தாலும், ஜூனில் ஊரில் இருக்கும்போதே வாரத்துக்கு மூன்று நாள் ஓடத் தொடங்குங்கள். தார்ச்சாலையில் வேண்டாம், வயல் வரப்பிலோ பள்ளி மைதானத்திலோ ஓடுங்கள். களியும் கீரையும் நிலக்கடலையும் முட்டையும் போதும். டப்பாவில் வரும் பொடிகளுக்குக் கடன் வாங்காதீர்கள். வலி இருந்தால் இயக்குநர் ஐயாவிடம் சொல்லுங்கள். அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அதை மறைப்பவன்தான் கடைசியில் பாதியில் வெளியேறி, மற்ற பத்துப் பேரையும் சிக்கலில் விடுகிறான். மறைக்காமல் சொன்னவனை அந்தக் காரணத்துக்காக நீக்க மாட்டோம் என்று இயக்குநர் ஐயா பயிற்சியின் முதல் நாளிலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும் என்று அவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மைதானத்தைப் பொறுத்தவரை, கோல் பகுதிகளில் கெட்டிப்பட்டுக் கிடக்கும் செம்மண்ணை ஜூன் மழைக்குப் பிறகு கிளறிச் சமன்படுத்தித் தருவதற்கு டிராக்டர் வைத்திருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் முன்வந்திருக்கிறார். டீசலுக்குக்கூட அவர் பணம் கேட்கவில்லை. ஜூலை முதல் ஆகஸ்ட் இறுதி வரை அங்கே நிகழ்ச்சிகளுக்கு வண்டி நிறுத்த அனுமதிப்பதில்லை என்று முதல்வர் அலுவலகம் ஓர் உத்தரவு இட்டால் மட்டுமே அந்த வேலைக்குப் பொருள் இருக்கும். அந்த உத்தரவும், கடைசி மணி நேர ஓ.டி.யும், மகளிருக்கான இரண்டு பிற்பகல்களும் நாள்காட்டி அச்சாகும் முன் முடிவாக வேண்டியவை. ஓசூர், பெங்களூரு ஆட்டங்களை மாற்றி வைப்பது குறித்து அவ்விரு தரப்போடும் பேச வேண்டியிருந்தால், அந்தப் பேச்சுக்கு நானும் உடன் வரத் தயார். விளையாட்டுக் குழு கூடும் நாளைத் தெரிவித்தால் பள்ளியில் அனுமதி பெற்று நேரில் வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அணியின் முன்னாள் ஆட்டக்காரன்,
தர்மபுரி.